ஒரு பெயர், ஒரே இடம்



ஆர்.கே.பேட்டையில் என்னிடம் படித்து, இப்போது மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "ஐயா, பெயர் வைக்காமல் அங்கங்கே எழுதும் லாம்டா ஃபங்ஷன்களைப் பெயருள்ள மெத்தடாக மாற்றச் சொல்கிறார்கள். ஓடுகிற புரோகிராமை எதற்கு மாற்றணும்?"

பள்ளிகளுக்கான புரோகிராம் அது. 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்ற விதியை மூன்று இடத்தில் தனித்தனியாக எழுதியிருந்தான்.

"நம் இலக்கணம் இதை எப்போதோ செய்துவிட்டதப்பா" என்றேன்.

க, ச, ட, த, ப, ற ஆறுக்கும் வல்லெழுத்து என்று நூன்மரபிலேயே பெயர் வைத்துவிடுகிறார் தொல்காப்பியர். பிறகு புணர்ச்சி விதிகளில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். ஆறெழுத்தையும் மறுபடி அடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. சகரம் அ, ஐ, ஔ மூன்றோடும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்று மொழிமரபில் சொல்கிறார். அந்த மூன்றுக்கும் சேர்த்துத் தனிப்பெயர் இல்லை. அங்கே சொன்னதோடு வேலை முடிந்தது. லாம்டாவும் அப்படித்தான். பின்னாளில் சட்டி, சகடம் போன்ற சொற்கள் வழக்கில் நிலைத்தபோது, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் பன்னிரண்டு உயிரும் சகரத்தோடு முதலில் வரும் என்று நன்னூலில் விதியை மாற்றினார்.

கணினிக்காரர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. பிழை தேடியே ஆயுள் போய்விடும் என்று அதை உருவாக்கிய வில்க்ஸுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து, அடையாளமிட்டு, நூலகம்போல் அடுக்கி வைத்தார்கள். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் அதைப் புத்தகமாகவே எழுதினார்கள். லாம்டா என்ற குறியீடு அதற்கும் முந்தியது; 1930களில் அலோன்சோ சர்ச் தந்தது. 1958இல் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழி வழியே அது புரோகிராமுக்குள் வந்தது.

"ஒரு முறை வந்தால் அங்கேயே இருக்கட்டும். மறுபடி வந்தால் பெயர் வை. அதுவும் 'சரிபார்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம், 'தேர்ச்சியா' என்று வை" என்றேன்.

மறுநாள் அவனே அழைத்தான். மூன்றையும் ஒன்றாக்கும்போதுதான் பார்த்தானாம்: இரண்டு இடத்தில் '35 அல்லது அதற்கு மேல்', மூன்றாவதில் வெறும் '35-க்கு மேல்'. சரியாக 35 எடுத்த பிள்ளை அங்கே தோற்றிருக்கும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா