மக்கிப்போக வேண்டிய தூண்

இன்னிக்கு ஒரு மரத்தூணோட கதை. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைஸ்லா பழங்குடியினர் 1872-ல் நட்ட தூண் அது. பெரியம்மைக்குக் குடும்பத்தாரைப் பறிகொடுத்த தலைவர் கிப்ஸ்கோலக்ஸ் செதுக்க வைத்தது. ஒன்பது மீட்டர் உயரம். 1929-ல் ஸ்வீடன் தூதரக அதிகாரி ஒருவர் வெட்டி எடுத்துட்டுப் போனார். கனடா அரசிடம் அனுமதி வாங்கினாராம். ஹைஸ்லா மக்களின் சம்மதம் கிடையாது. 1991-ல்தான் அது ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருப்பது அவங்களுக்குத் தெரிஞ்சது.

1970 யுனெஸ்கோ ஒப்பந்தம் உதவாது. அதுக்கு முன்னாடி போனதை அது தொடாது. பேசிப் பேசித்தான் கேட்கணும். 'தர்றோம், ஆனா பாதுகாப்பான கட்டடத்துல வைக்கணும்'னு அருங்காட்சியகம் நிபந்தனை போட்டது. ஹைஸ்லா வழக்கப்படி தூண் விழுந்து, மக்கி, மண்ணோடு சேரணும்! நகல் தூண் ஒண்ணு செதுக்கிக் கொடுத்து, 2006-ல் மீட்டாங்க.

மறு வருஷம் வந்த ஐ.நா. பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்தின் 11-வது பிரிவு, சம்மதமில்லாமல் எடுத்த பண்பாட்டுச் சொத்துக்குப் பரிகாரம் வேணும்னு சொல்லுது. எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு நாடுகள்ல கனடாவும் ஒண்ணு.