விழா எழுப்பிய வீடு: ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லமும் ஊர்க் கொண்டாட்டங்களும்

எழுத்தாளர் ஒருவரின் வீடு நினைவில்லமாகும் முறையைப் பற்றிப் பேசுவோர், முதலில் கட்டடம் காக்கப்படுகிறது, பின்னர் அங்கே விழாக்கள் நடக்கத் தொடங்குகின்றன என்ற வரிசையையே பெரும்பாலும் இயல்பானதாகக் கொள்கின்றனர். இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் பகுதியில், ஏவன் ஆற்றங்கரையில் அமைந்த ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் சிற்றூரின் ஹென்லி தெருவில் இருக்கும் ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லத்தின் வரலாறு இந்த வரிசைக்கு முற்றிலும் மாறானது. அவ்வூரில் ஷேக்ஸ்பியருக்கான முதல் பெருவிழா 1769இல் நடந்தது. அவர் பிறந்த வீடு பொதுமக்கள் நிதியில் வாங்கப்பட்டதோ 1847இல்தான். இடைப்பட்ட 78 ஆண்டுகளில் அந்த வீட்டின் ஒரு பகுதி இறைச்சிக் கடையாகவும் மற்றொரு பகுதி சத்திரமாகவும் இருந்தது. விழாக்கள் உருவாக்கிய எதிர்பார்ப்பே வீட்டைக் காக்க வேண்டிய பொருளாக மாற்றியது என்பதும், அந்த விழா யாருக்குரியது என்ற பூசல் ஒவ்வொரு கட்டத்திலும் புதிய வடிவில் எழுந்தது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

வீட்டின் முற்காலச் செய்திகளில் பெருமைக்குரியவை குறைவு. ஷேக்ஸ்பியரின் தந்தையான ஜான், தோல் கையுறை செய்து விற்றவர். அவர் ஹென்லி தெருவில் வசித்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, தெருவில் குப்பைமேடு வைத்ததற்காக 1552இல் அவருக்கு விதிக்கப்பட்ட அபராதமாகும். 1564 ஏப்ரல் 26ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்ற வில்லியம், 1601இல் தந்தை இறந்தபின் வீட்டுக்கு உரிமையாளரானார். ஆயினும் அங்கே குடியிருக்கவில்லை. ஒரு பகுதி சத்திரக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஒட்டியிருந்த சிறு பகுதியில் அவருடைய தங்கை ஜோன் ஹார்ட்டின் குடும்பம் வாழ்ந்தது. அந்த வழியினரிடம் வீடு 1806 வரை இருந்து, பின்னர் கோர்ட் என்னும் இறைச்சிக் கடைக்காரருக்கு விற்கப்பட்டது.

கவிஞர் தம் சம்பாத்தியத்தில் 1597இல் வாங்கி, 1616இல் உயிர்நீத்த வீடு வேறு. ‘நியூ பிளேஸ்’ என்று அழைக்கப்பட்ட அந்த மாளிகை பின்னர் வேறொருவரால் திருத்திக் கட்டப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்னும் பாதிரியாரின் கைக்கு வந்தது. ஷேக்ஸ்பியர் நட்டதாக ஊரார் நம்பிய முசுக்கட்டை மரத்தைக் காண வந்தோரின் தொல்லை பொறுக்காமல் காஸ்ட்ரெல் அதை வெட்டினார். வரி தொடர்பான பூசலுக்குப் பின் 1759இல் வீட்டையே இடித்தார். வெட்டப்பட்ட மரத்தை உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் வாங்கிப் பெட்டி, கிண்ணம், பொடி டப்பா எனப் பல பொருள்கள் செய்து நெடுங்காலம் விற்றார். அத்தனையும் ஒரே மரத்தில் விளைந்திருக்க முடியுமா என்ற ஐயம் அக்காலத்தவருக்கே இருந்தது. நினைவுச் சின்னத்தை இழந்த பிறகே அதன் மதிப்பை ஊர் அறிந்தது என்பதற்கு இம்மரம் நல்ல சான்று.

அந்த முசுக்கட்டை மரத்தின் துண்டே முதல் விழாவுக்கும் வழிவகுத்தது. 1760களின் இறுதியில் ஸ்ட்ராட்ஃபோர்டின் நகரமன்றக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டபோது, அதை அணிசெய்ய ஒரு சிலை தேவைப்பட்டது. இலண்டனின் முதன்மை நடிகரும் ட்ரூரி லேன் நாடக அரங்கின் மேலாளருமான டேவிட் காரிக்கிடமிருந்து அதைப் பெறும் நோக்கில், ஊர்ப் பெருமக்கள் அவருக்கு நகரக் குடியுரிமைப் பட்டத்தை முசுக்கட்டைப் பெட்டியில் வைத்து வழங்கினர். காரிக் சிலையைத் தந்ததோடு மூன்று நாள் விழாவையும் அறிவித்தார். 1769 செப்டம்பர் 6 முதல் 8 வரை நடந்த இந்த ‘ஜூபிலி’க்காக ஆற்றங்கரையில் வட்டமான மரக் கொட்டகை எழுப்பப்பட்டது, பீரங்கி முழங்கியது, தேவாலயத்தில் இசை நிகழ்ந்தது, தாமே இயற்றிய வாழ்த்துப் பாவை, தாமஸ் ஆர்ன் அமைத்த இசையோடு காரிக் அரங்கில் சொன்னார். ஹென்லி தெரு வீட்டின் முகப்பில், முகில்களைப் பிளந்து கதிரவன் வெளிப்படும் காட்சி தீட்டிய திரை, பின்னிருந்து ஒளி பாயும்படி தொங்கவிடப்பட்டது. வீடு இந்த விழாவில் திரையைத் தாங்கும் சுவராக மட்டுமே பயன்பட்டது. ஆயினும் கவிஞர் பிறந்தது இங்கேதான் என்று கூட்டத்துக்குச் சுட்டிக் காட்டிய முதல் பெரும் பொது நிகழ்ச்சி அதுவே.

இரண்டாம் நாள் பெய்த கனமழையில் ஆறு பெருகியது. நாடகப் பாத்திரங்களாக வேடம் புனைந்தோர் தெருவில் செல்லவிருந்த ஊர்வலம், விழாவின் முதன்மை நிகழ்ச்சியாகத் திட்டமிடப்பட்டிருந்தும், கைவிடப்பட்டது. அன்றிரவு முகமூடி நடனத்துக்கு வந்தவர்கள் கொட்டகைக்குள் நீரில் நடக்க நேர்ந்தது. மூன்று நாளிலும் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகமும் நடிக்கப்படவில்லை என்பதை அக்காலத்திலேயே பலர் எள்ளி நகையாடினர். தங்குமிடத்துக்கு உள்ளூரார் வாங்கிய வாடகையைப் பற்றி இலண்டன் பத்திரிகைகள் புலம்பின. உள்ளூரார்க்கோ இது வெளியூர்ப் பெரிய மனிதர்களின் கேளிக்கையாகவே பட்டது. விழாவில் பெரும்பொருள் இழந்த காரிக், அடுத்த மாதமே கைவிடப்பட்ட ஊர்வலத்தைத் தம் இலண்டன் அரங்கில் நாடகமாக்கி, ஒரே பருவத்தில் தொண்ணூறு முறைக்கு மேல் நடத்தி இழப்பை ஈடுசெய்தார். ஊரில் நடவாத ஊர்வலம் தலைநகரில் புகழ்பெற்றதால், அது உண்மையில் நடக்க வேண்டிய இடம் ஸ்ட்ராட்ஃபோர்டே என்ற எண்ணம் வேரூன்றியது.

இதன் பின் யாத்திரிகர் வரத்து ஓயவில்லை. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் 1786இல் வந்து, கவிஞருடையது என்று காட்டப்பட்ட நாற்காலியிலிருந்து மரச் சில்லு சீவிச் சென்றனர். பிறந்த அறை எனப்பட்ட மேல்மாடி அறையின் சுவரெங்கும் கண்டோர் கையொப்பமிட்டனர். வீட்டைக் காட்டிக் காசு பெற்ற மேரி ஹார்ன்பி என்ற வாடகைக்காரர், 1820இல் வாடகை உயர்த்தப்பட்டு வெளியேற நேர்ந்தபோது, தம்மிடமிருந்த ‘நினைவுப் பொருள்களை’ எடுத்துச் சென்றதோடு, சுவர்க் கையொப்பங்கள் மீது சுண்ணாம்பும் அடித்துவிட்டார். அது பின்னர் பெயர்த்தெடுக்கப்பட்டது. நினைவில்லக் காப்பாளர் என்ற பதவி உருவாகுமுன், அதன் வேலை சிறு வணிகமாகவே நடந்தது என்பதை ஹார்ன்பியின் கோபம் தெளிவாகக் காட்டுகிறது.

ஊர்மக்கள் தாமே விழாவை ஏற்று நடத்தத் தொடங்கியது 1824இல், ‘ஃபால்கன்’ சத்திரத்தில் ஷேக்ஸ்பியர் கழகம் தோன்றிய பிறகு. கடைக்காரரும் கைவினைஞரும் நிறைந்த அக்கழகம் 1827 ஏப்ரல் 23இல், அதாவது மரபுப்படி பிறந்த நாளாகவும் சான்றுப்படி இறந்த நாளாகவும் கொள்ளப்படும் தேதியில், காரிக் நடத்த முடியாத பாத்திர ஊர்வலத்தைத் தெருவில் நடத்திக் காட்டியது. 1830இல் அது மீண்டும் நிகழ்ந்தது. செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்கு விழா மாறியதும், தலைநகர் நடிகரிடமிருந்து ஊர்க் கழகத்துக்குப் பொறுப்பு மாறியதும் இக்காலத்தின் இரு முக்கிய விளைவுகள்.

கோர்ட் குடும்பத்து விதவை இறந்தபின் வீடு 1847 செப்டம்பர் 16இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கக் கேளிக்கைக் காட்சி நடத்துநர் பி. டி. பார்னம் அதைப் பெயர்த்துக் கப்பலேற்றப் போவதாகப் பேச்சு பரவியதால், ஸ்ட்ராட்ஃபோர்டிலும் இலண்டனிலும் அமைந்த குழுக்கள் இணைந்து 3,000 பவுண்டுக்கு வாங்கின. மறு ஆண்டு, வீட்டுக்குக் காப்பாளர் ஒருவரை நியமிக்கும் நிதிக்காகச் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நண்பர்களோடு பல நகரங்களில் நாடகம் நடித்தார். அடுத்து வந்த சீரமைப்புக்கு 2,500 பவுண்டு கொடுத்தவர் ஜான் ஷேக்ஸ்பியர் என்ற அறிஞர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் இராணுவப் பள்ளியில் இந்துஸ்தானி மொழி கற்பித்து, அதற்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர். இந்தியாவுக்குப் புறப்பட்ட கம்பெனி வீரர்களுக்கு மொழி சொல்லிக் கொடுத்தவரின் பணம் ஆங்கிலக் கவிஞரின் வீட்டைச் செப்பனிட்டது என்பது ஆய்வாளர் அதிகம் நின்று நோக்காத செய்தி. தீப்பிடிக்கும் அச்சத்தால் இருபுறத்து வீடுகளும் இடிக்கப்பட்டன. அதனால் ஒரு தெருவின் வரிசையில் இருந்த வீடு, தனித்து நிற்கும் காட்சிப் பொருளாயிற்று. அக்கம்பக்கம் என்ற ஒன்று அதற்கு இல்லாமல் போன காலம் இதுவே.

1864இல் முந்நூறாவது பிறந்த ஆண்டு விழா வந்தபோது, விழா யாருக்குரியது என்ற பூசல் வெளிப்படையாக வெடித்தது. மதுபான ஆலை உரிமையாளரும் நகரத் தலைவருமான எட்வர்டு ஃபிளவர் தலைமையில் பெரிய மர அரங்கம் எழுப்பப்பட்டு, விருந்து, ஹாண்டெலின் ‘மெசையா’ இசை, நாடகங்கள், நடன இரவு என நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. கட்டணம் உழைப்பவரால் எட்ட முடியாததாக இருந்தது. பாத்திர ஊர்வலமோ கண்ணியக் குறைவு என்று கருதப்பட்டு நீக்கப்பட்டது. ஊர்வலமில்லா விழா யாருக்கு என்று கேட்டு உள்ளூரார் துண்டறிக்கை ஒட்டினர். அதன் பின், குறைந்த கட்டணத்தில் ‘மக்கள் விழா’ என்ற இரண்டாம் கட்டம் சேர்க்கப்பட்டு, சர்க்கஸ் குழுவொன்றின் துணையோடு ஊர்வலமும் நடந்தது. அதே ஏப்ரல் 23இல், இலண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் உழைப்பாளர் குழு ஒன்று கவிஞர் நினைவாக ஓக் மரக் கன்றை நட்டது. அங்கே தொடர்ந்து நடந்த, இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி இங்கிலாந்திலிருந்து நாடு திரும்ப நேர்ந்ததைக் கண்டிக்கும் கூட்டத்தைக் காவல்துறை கலைத்தது. ஷேக்ஸ்பியர் விழா என்ற பெயரில் உழைக்கும் மக்கள் அரசியல் பேசக்கூடும் என்ற அச்சம் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏற்பாட்டாளருக்கும் இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. பெருங்கடனோடு முடிந்த அவ்விழாவின் அரங்கம் பின்னர் பிரித்து விற்கப்பட்டது.

இத்தோல்வி இரு வழிகளைத் திறந்தது. நாடகத்துக்கென நிலையான இடம் வேண்டும் என்ற எண்ணம், ஃபிளவர் குடும்பத்தின் முயற்சியால் 1879 ஏப்ரல் 23இல் திறக்கப்பட்ட நினைவு அரங்கமாக நிறைவேறியது. தெருவுக்குரிய விழாவோ, 1890களில் உள்ளூர் கிராமர் பள்ளி மாணவர்கள் கவிஞரின் கல்லறைக்கு மலர் எடுத்துச் செல்லத் தொடங்கியதிலிருந்து அடக்கமான புதிய உருவம் பெற்றது. நாளடைவில் பல நாட்டுத் தூதர்களும் நகர மக்களும் சேர்ந்து, கொடிகள் விரிக்கப்பட, சட்டையில் ரோஸ்மேரிக் கொத்து செருகி, ஹென்லி தெரு வீட்டைத் தொட்டு டிரினிட்டி தேவாலயம் வரை நடக்கும் ஊர்வலமாக அது வளர்ந்தது. பிறப்பில் தொடங்கி அடக்கத்தில் முடியும் இவ்வழியில், 1769இல் பின்புலமாக இருந்த வீடு இன்றியமையாத நிலையமாக மாறியது. வேடங்கள் பின்னுக்குப் போய் மலர்கள் முன்வந்ததால், 1864இல் கட்டணம் ஏற்படுத்திய வேலி தெருவில் மறைந்தது. நடப்பதற்கு யாரும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

வீட்டின் நிர்வாகம் 1891இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அறக்கட்டளையொன்றிடம் சேர்ந்தது. அதன் பின் எழுந்த பெரிய சச்சரவு 1903ஐ ஒட்டியது: ஆண்ட்ரூ கார்னெகியின் கொடையில் பொது நூலகம் கட்ட, ஹென்லி தெருவின் பழைய குடிசை வீடுகளை இடிக்கத் திட்டமிடப்பட்டபோது, ஸ்ட்ராட்ஃபோர்டில் குடியேறியிருந்த நாவலாசிரியர் மேரி கொரெல்லி கடுமையாக எதிர்த்தார். ஊர் மக்கள் படிக்க ஒரு நூலகம் தேவை, ஆனால் பழந்தெருவின் தோற்றமும் காக்கப்பட வேண்டும் என்ற இரு நியாயங்கள் மோதிய இவ்வழக்கில் சில வீடுகள் பிழைத்தன, நூலகமும் வந்தது. கொரெல்லியின் சொல்லில் இருந்த மிகையைக் கழித்துப் பார்த்தாலும், அறக்கட்டளைக்கு வெளியிலிருந்து ஒருவர் ‘இது எங்கள் தெரு’ என்று உரிமை கொண்டாடியது பொருட்படுத்தத்தக்கது.

1916இல், முந்நூறாவது நினைவு ஆண்டில், போர்க்காலமாக இருந்தும் இஸ்ரேல் கோலன்ஸ் தொகுத்த போற்றி மலரில் இரவீந்திரநாத் தாகூரும், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமியும் எழுதினர். தாகூரின் மார்பளவுச் சிலை 1990களில் பிறந்த இல்லத்தின் தோட்டத்தில் வைக்கப்பட்டது. அதே தோட்டத்தில் இப்போது நடிகர்கள் நின்று, பார்வையாளர் கேட்கும் காட்சியை அங்கேயே நடித்துக் காட்டுகின்றனர். ஒரு காலத்தில் திரையைத் தாங்கிய வீட்டின் பின்முற்றம் இவ்வாறு தானே மேடையாயிற்று. அறக்கட்டளையின் நூலகமும் ஆவணக் காப்பகமும் 1964இல் அருகில் திறக்கப்பட்ட ஷேக்ஸ்பியர் மையத்தில் உள்ளன.

வீடே இல்லாத நியூ பிளேஸில் நடந்தது இதைவிட வியப்புக்குரியது. 2010 முதல் அங்கே தொல்லியல் அகழாய்வு தொடங்கியபோது, தன்னார்வலர்கள் பங்கேற்க, பார்வையாளர்கள் குழியின் விளிம்பில் நின்று பார்க்க அனுமதிக்கப்பட்டனர். நானூறாவது நினைவு ஆண்டான 2016இல் அவ்விடம் மீண்டும் திறக்கப்பட்டபோது, இடிந்த மாளிகையின் போலி உருவை எழுப்பாமல், அது நின்ற நிலத்தையே தோட்டமாகவும் சிற்பங்களோடும் அமைத்தனர். காஸ்ட்ரெல் வீட்டை இடித்தது யாத்திரிகர் வராமல் இருப்பதற்காக அல்ல, வரிப் பூசலால்தான். ஆயினும் அவர் விட்டுச் சென்ற வெற்றிடம், கட்டடம் இருந்தால் அடைக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு திறந்த வெளியை விழாக்களுக்கு அளித்துவிட்டது.