புகைபோக்கியும் காம்பராவும்

கோட்டை என்றதும் யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையே நம் நினைவுக்கு வரும். தேயிலை மலைகளில் அத்தகைய அரண்கள் இல்லை. ஆயினும் ஓர் ஆட்சியின் இடிபாடு இங்கும் உண்டு. கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் எஞ்சி நிற்கும் புகைபோக்கிதான் அது.

ஸ்கொட்லாந்திலே பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கை வந்தார். 1867இல் இத்தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டுக்குள் கோப்பிச் செடியில் நோய் கண்டது. கோப்பி அழிய, அவர் காட்டிய பயிரே மலைநாட்டை ஆண்டது. 1892இல் தோட்ட நிர்வாகம் அவரைப் பதவி நீக்கியது; அவ்வாண்டே அவர் மறைந்தார். இருபத்து நான்கு பேர் முறைமாறிச் சுமந்து அவருடலைக் கண்டி மஹய்யாவ மயானத்துக்குக் கொண்டு சென்றனர்.

அவர் வாழ்ந்த மரக்குடில் மண்ணோடு மண்ணாயிற்று. கல்லடுக்கிய புகைபோக்கி மட்டும் நிலைத்தது. இன்று அதைக் காண உல்லாசப் பயணிகள் மலையேறுகின்றனர். வரலாற்றைக் காப்பது நல்லதே.

ஆனால், அதே மலைகளில் காடழித்துக் கொழுந்து பறித்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்கள் வரிசையாய் அமைந்த லயங்களிலே. அங்கு பல வீடுகளில் புகைபோக்கியே கிடையாது. அடுப்புப் புகை வெளியேற வழியின்றிக் குழந்தையின் கண்ணையும் கரித்தது. கூரைத் தகரத்தையும் கருக்கியது.

கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்று, 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமாக விளங்குகின்றது. உழைத்தவர் புழங்கிய பொருள்களும் ஆவணங்களும் அங்குள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் இதே வகைப் பணியன்றோ?

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. டெய்லரின் குடிலில் இன்று எவரும் இல்லை. லயங்களிலோ மக்கள் இன்றும் வாழ்கின்றனர். மனிதர் குடியிருக்கும் வீட்டை நினைவுச்சின்னமாக விட்டுவைப்பது பாதுகாப்பாகாது. ஒரு லயத்தைச் சான்றாகப் பேணுவோம். மற்றவற்றில் வாழ்பவர்களுக்குக் காணியும் வீடும் கிடைக்கட்டும். அன்றுதான் லயம் உண்மையிலேயே வரலாறாகும்.