சிக்காகோ நகரின் ஹல் இல்லம்

கைத்தொழிற் புரட்சியினாலே இங்கிலாந்தின் நகரங்கள் பெருகிய காலத்தில், செல்வர் வாழும் பகுதியும் வறியோர் வாழும் பகுதியும் ஒரே நகரத்துள் இருந்தும் இருவேறு நாடுகள் போலாயின. இலண்டனின் கிழக்கே வைற்சப்பலிற் குருவானவராக இருந்த சாமுவேல் பார்னெற், பணத்தை வாரி வழங்குவதால் ஏழைகளின் நிலை உயராது என்றும், கற்றவர்கள் அவர்களிடையே அயலவராய்க் குடியிருத்தல் வேண்டும் என்றும் கருதினார். அவரும் அவர் மனைவியார் ஹென்றியெற்றாவும் 1884ஆம் ஆண்டில் நிறுவிய தொயின்பீ மண்டபம் இக்கருத்தின் விளைவேயாம். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களின் இளைஞர் அங்கே தங்கி, பகலிற் பிற தொழில் புரிந்தும் மாலையில் வகுப்புக்கள் நடத்தியும் வந்தனர்.

1888இல் அம்மண்டபத்தைக் கண்டு திரும்பிய அமெரிக்கப் பெண்மணி ஜேன் அடம்ஸ், அடுத்த ஆண்டு செப்டெம்பர் 18ஆந் திகதி, தம் தோழி எலன் கேற்ஸ் ஸ்ரார் என்பாருடன் சிக்காகோவின் ஹால்ஸ்ரெட் வீதியிலுள்ள பழைய மாளிகை ஒன்றிற் குடியேறினார். சார்ள்ஸ் ஹல் என்ற செல்வர் 1856இற் கட்டிய வீடு அது. சுற்றுப்புறமோ இத்தாலியர், கிரேக்கர், ஜேர்மனியர், உருசிய யூதர் எனப் பல நாட்டு ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த இடம். குழந்தைகளுக்குப் பாலர் வகுப்பும், பெரியோருக்கு மாலை வகுப்புக்களும் விரைவில் எழுந்தன.

எல்லா முயற்சிகளும் கைகூடின என்று கொள்ளலாகாது. மலிவாகவும் சத்துள்ளதாகவும் உணவு சமைத்து விற்க ஒரு பொதுச் சமையற்கூடம் அமைத்தார்கள். விஞ்ஞான முறைப்படி ஆக்கிய அவ்வுணவை அயலவர் அதிகம் நாடவில்லை. தத்தம் நாட்டுச் சுவையையே அவர்கள் விரும்பினர். ஏழைக்கும் நாவுண்டு என்பதைத் தொண்டு புரிவோர் பலர் மறந்துவிடுகின்றனர். அதனோடு திறந்த கோப்பிச்சாலையோ மக்கள் கூடும் இடமாக வளர்ந்தது.

அவ்வில்லத்தின் பணிகளுள் தனித்து நோக்கத்தக்கது ஜேன் கழகம். சப்பாத்துத் தொழிற்சாலையொன்றில் வேலைநிறுத்தம் செய்த பெண்கள் கூடி ஆலோசித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. முதலிற் பணிந்தவர்கள், வாடகைக்கு அறையெடுத்துத் தங்கியிருந்த பெண்களே. கூலி நின்றால் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவோம் என்ற அச்சமே அவர்களைப் பணியவைத்தது. தமக்கெனச் சொந்தமாக ஒரு விடுதி இருந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1891 மே மாதத்தில் இரண்டு மாடிக் குடியிருப்புக்களில் விடுதி தொடங்கிற்று. தளபாடங்களையும் முதன் மாத வாடகையையும் மட்டுமே ஹல் இல்லம் கொடுத்தது. அப்பாற்பட்ட பொறுப்பெல்லாம் அப்பெண்களுடையதே. மேற்பார்வையாளர் எவரும் இல்லை. நிருவாகிகளைத் தம்முள்ளே தெரிந்துகொண்டனர். வாரத்துக்கு மூன்று டொலர் வீதம் செலுத்தி, வாடகை, உணவு, விளக்கு, கணப்பு ஆகிய செலவுகளைச் சமாளித்தனர். மூன்றாம் ஆண்டளவில் அங்கத்தவர் தொகை ஐம்பதாயிற்று.

கழகத்துக்குக் கட்டடம் அமைக்க இருபதாயிரம் டொலர் தர ஒருவர் முன்வந்தார். அவர் தம் நிறுவனத்துப் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதிற் பேர்போனவர் என அறிந்ததும், ஜேன் அடம்ஸ் அப்பணத்தை ஏற்க மறுத்துவிட்டார். உழைக்கும் பெண்களிடமிருந்து பறித்ததைக் கொண்டு உழைக்கும் பெண்களுக்கு மனை கட்டுவது எங்ஙனம்? 1898இலேயே, வேறொருவர் உதவியால், அக்கட்டடம் எழுந்தது.

இல்லத்தில் வசித்த புளோரன்ஸ் கெலி முதலியோரின் முயற்சியால், பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரைத் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1893இல் இலினோய் மாநிலத்தில் நிறைவேறியது. பெண்களுக்கு எட்டுமணி நேர வேலை என்ற அதன் பிரிவை மாநில உயர் நீதிமன்றம் 1895இற் செல்லாதாக்கியது.

ஜேன் அடம்ஸ் 1931இற் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்று, 1935இற் காலமானார். பதின்மூன்று கட்டடங்களாகப் பரந்திருந்த நிலையத்திற் பெரும்பகுதி, 1960களிற் பல்கலைக்கழகம் அமைப்பதற்காக இடிக்கப்பட்டது. பழைய மாளிகையும் போசனசாலையும் நூதனசாலையாக எஞ்சியுள்ளன. வேறிடங்களிற் பணி தொடர்ந்த ஹல் இல்லச் சங்கம் பணமுடையால் 2012 ஜனவரியில் மூடப்பட்டது. இலண்டன் தொயின்பீ மண்டபம் இன்றும் இயங்குகின்றது.