காமன் பொட்டலும் தொழிற்சங்க மேடையும்

அமெரிக்க இசைநாடகத்தின் சமூக வரலாற்றை ஆராய்வோர் 1937ஆம் ஆண்டைத் தவறாது குறிப்பிடுவர். எஃகுத் தொழிலாளர் சங்கம் அமைப்பதைப் பொருளாகக் கொண்ட மார்க் பிளிட்ஸ்டைனின் 'தொட்டில் ஆடும்' அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரங்கேற இருந்தது. அரசாங்க நிதியில் உருவான அந்நாடகத்துக்கு அரங்கின் கதவு அடைக்கப்பட்டது. பார்வையாளர் வேறோர் அரங்குக்கு நடந்தே சென்றனர். மேடையேற அனுமதியற்ற நடிகர்கள் பார்வையாளரிடையே எழுந்து நின்று பாடினர். அதே ஆண்டின் நவம்பரில் ஆடைத் தொழிலாளர் சங்கம் தனக்கெனக் கொண்ட அரங்கில் 'குண்டூசியும் ஊசியும்' என்ற இசைநிகழ்ச்சியைத் தொடங்கிற்று. தையற்கூடங்களில் உழைத்தவர்களே அதன் நடிகர்கள். நாடகத்தின் உள்ளடக்கம் எவ்வளவு முக்கியமோ, அரங்கு நிற்கும் நிலம் யாருடையது என்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் புலப்படுத்துகின்றன. மலையகத் தமிழரின் இசைநாடக மரபை இக்கேள்வியோடு அணுகவே நாம் இங்கு முயல்கிறோம்.

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் வேரூன்றிய ஆடல்வடிவங்களுள் தலையாயது காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதமிருந்து ஆடப்படுவது அது. தப்பு முழங்க, விடியும்வரை பாட்டாலேயே கதை நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்குமாறு மன்மதன் ஏவப்படுகிறான். ரதி தடுக்கிறாள், இருவருக்குமிடையே நீண்ட தர்க்கம் நிகழ்கிறது. போனவன் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ரதியின் புலம்பல் கூத்தின் உச்சம்.

மேலிடத்து ஏவலைத் தட்டமுடியாது புறப்பட்டு, அந்த ஏவலாலேயே அழிபவனின் கதை இது. கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தவர்களின் வழிவந்தோர் இதனை ஆண்டுதோறும் ஆடியதில் பொருளில்லை என்று கூறிவிட முடியாது. ஆயினும் இதனை மறைமுகமான எதிர்ப்பிலக்கியம் என்று கொண்டாடும் அவசரம் நமக்கு உடன்பாடன்று. அவர்கள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த வடிவம் அது. அங்கும் மன்மதன் எரிந்தே வந்தான். மாறியது சூழல். ஊர்ப்பொதுவில் ஆடப்பட்ட கூத்து இங்கே தோட்டத்தின் எல்லைக்குள், லயங்களுக்கு நடுவிலுள்ள காமன் பொட்டலில் ஆடப்பட்டது. அந்த நிலம் கம்பனிக்குரியது. விழாவில் முதல்மரியாதை பெற்றவரோ, துண்டுமுறையாலும் முன்பணக் கடனாலும் தொழிலாளரைக் கட்டிவைத்திருந்த பெரிய கங்காணியே. துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கங்காணியின் செல்வாக்கு அன்றே ஒழிந்துவிடவில்லை.

மக்கள் வடிவங்கள் தம்மளவில் மக்கள் சார்பானவை என்ற எண்ணத்தை மறுக்க ஒரு நூலே போதும். 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' கோப்பிச் செய்கையைக் கும்மியிற் பாடுகிறது. அதன் பார்வை தோட்டத்துரைமாரின் பார்வை. மு. நித்தியானந்தன் 'கூலித் தமிழ்' நூலில் இதனை நன்கு காட்டியுள்ளார்.

எதிர்த்திசையில் வந்தவர்கள் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த நடேசய்யர், தொழிலாளர் நிலையை நாடகமாகவும் எழுதினார். மீனாட்சியம்மை மக்களுக்குப் பழகிய மெட்டுக்களில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் துண்டுப்பிரசுரம் செல்லாத இடத்துக்குப் பாட்டு சென்றது. ஆனால் அவர்களால் தோட்டத்துக்குள் எளிதில் நுழைய முடியவில்லை. வெளியார் அத்துமீறிப் பிரவேசித்ததாக வழக்குத் தொடரும் அதிகாரம் துரைமாரின் கையில் இருந்தது. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குட் சென்றமை பலரும் அறிந்த செய்தி. நாடகாசிரியன் தன் பார்வையாளரைச் சந்திக்கவே வேடம் புனையவேண்டியிருந்தது!

இதன் விளைவு பாரதூரமானது. கலைவடிவம் பொட்டலில் இருந்தது. அரசியல் நகரத்து மேடையில் இருந்தது. நியூயோர்க்கில் சங்கமும் அரங்கும் ஒன்றுசேர்ந்ததுபோல இங்கே சேரவில்லை. கூத்தின் இடையே வரும் கோமாளியின் கேலியில் தோட்டத்து நடப்புகள் தலைகாட்டுவதுண்டு. ஆயின் கூலிப் போராட்டமோ, 1948இன் குடியுரிமைச் சட்டமோ கூத்தின் கதைப்பொருளாக வளரவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரதியின் புலம்பல் எவ்வளவு பொருத்தமாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்தத் துயரைப் பாடியவை வாய்மொழிப் பாடல்களே. அவற்றைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். மக்கள் பாட்டையும் தொழிற்சங்கத்தையும் ஒருங்கே அறிந்த மிகச் சிலருள் ஒருவர்.

ஆய்வாளர் போதிய அளவு கவனியாத மற்றொன்றும் உண்டு. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். காமன் கூத்திலோ மரபுப்படி ரதியாக வேடமிட்டவன் ஆண். விதவையின் புலம்பலை ஆண்குரலிற் கேட்டுப் பொட்டலின் ஓரத்தில் அமர்ந்திருந்த அப்பெண்கள், மீனாட்சியம்மை மேடையேறித் தம் கூலியையும் கங்காணியின் கொடுமையையும் தன் குரலிலேயே பாடியபோது எதைக் கேட்டிருப்பார்கள்? காமன் கூத்தைப் பதிவுசெய்யச் செல்லும் நமது மாணவர்கள் ஆடுவோரிடம் கேட்கும் கேள்விகளை, லயத்து மூதாட்டிகளிடமும் கேட்டு வரவேண்டும்.