இளவரசிகள் ஏன் பாடுகிறார்கள்?

டிஸ்னி கார்ட்டூன் படங்களில் இளவரசி பாடத் தொடங்கினால், அவள் மனத்தில் உள்ளது வெளியே வருகிறது என்று பொருள். ஆனால் அவள் எதைக் கேட்டுப் பாடுகிறாள் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

1937-இல் வெளிவந்த 'ஸ்னோ வைட்' படத்தில் அவள் கிணற்றடியில் நின்று, அன்பானவன் வர வேண்டும் என்று பாடுகிறாள். குரலைக் கேட்டு இளவரசனும் வந்துவிடுகிறான். 1959-இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'யிலும் காட்டில் அரோரா பாடும் குரலே இளவரசன் பிலிப்பை இழுத்து வருகிறது. அன்றைய படங்களில் இனிய குரல் நல்ல குணத்தின் அடையாளம். காதலைத் தவிர அவளுக்கு வேறென்ன வேண்டும் என்று அந்தப் பாடல்கள் கேட்பதில்லை.

1989-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' இதை மாற்றியது. பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன் மேடை இசை நாடகத்திலிருந்து வந்தவர். நாயகி தன் ஆசையைத் தொடக்கத்திலேயே பாடிவிட வேண்டும் என்பது அந்த மேடையின் வழக்கம். அதன்படி கடற்கன்னி ஏரியல், இளவரசனைப் பார்ப்பதற்கு முன்பே, மனிதர் வாழும் கரைக்குப் போகும் ஏக்கத்தைப் பாடுகிறாள். சோதனைக் காட்சியில் பிள்ளைகள் நெளிந்ததால் அந்தப் பாடலையே வெட்டிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. நல்லவேளை, படக்குழுவினர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஏக்கத்தைக் கேட்காமல் போயிருந்தால், பின்னர் கால்களுக்காக அவள் தன் குரலையே சூனியக்காரி உர்சுலாவிடம் கொடுப்பது வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்திருக்கும். அவள் ஊமையான பிறகு இளவரசன் மயங்குவதும் உர்சுலா திருடிய அதே குரலில்தான். ஆண்டர்சனின் மூலக்கதையில் நாக்கே வெட்டப்படுகிறது. போன குரல் திரும்புவதில்லை. படத்தில் சிப்பி உடைந்ததும் குரல் ஏரியலிடம் திரும்புகிறது.

பேசுபவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்பது நம் சினிமா ரசிகர்களுக்குப் பழகியதுதான். ஜாஸ்மின் (1992), முலான் (1998) இருவருக்கும் பேசியவர்கள் வேறு வேறு நடிகைகள்; பாடியவர் ஒருவரே, பிலிப்பைன்ஸின் லியா சலோங்கா.

2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' இன்னும் ஒரு படி மேலே போனது. எல்சா முதலில் வில்லியாகத்தான் திட்டமிடப்பட்டாள். ராபர்ட் லோபஸ், கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ் தம்பதியர் அவளுக்காக எழுதிய 'லெட் இட் கோ' பாடலைக் கேட்டபின் படக்குழுவினர் கதையையே திருத்தினார்கள். அந்தப் பாட்டில் அவள் யாருடைய வரவுக்கும் காத்திருக்கவில்லை. பனிமலையில் தனியாக நின்று பாடுகிறாள். அதை மலாய் மொழியில் பாடியவர் நம் நாட்டுப் பாடகி மார்ஷா மிலான்.