விதி மாறலாம், வாக்கு மாறலாமா?

2026 பருவம் முதல் ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் புதிய என்ஜின் விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆனால், அந்த விதிகளின்படி உருவான ஒரு கார்கூட ஓடுதளத்தில் இறங்குவதற்கு முன்பே, அவற்றைத் தொடரலாமா, கைவிடலாமா என்ற விவாதம் தொடங்கிவிட்டது. பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் தலைவர் முகமது பின் சுலாயம், பழைய பத்து சிலிண்டர் என்ஜினை மீண்டும் கொண்டுவருவது பற்றிச் சிந்திக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டு ஏப்ரலில் பஹ்ரைனில் என்ஜின் நிறுவனங்களுடன் நடந்த கூட்டத்தில், 2026 விதிகள் மாறாது என்று உறுதிசெய்யப்பட்டது. அதன் பிறகும் எட்டு சிலிண்டர் என்ஜின் பற்றிய பேச்சு ஓயவில்லை.

கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுத வேலூரில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். என்ஜினின் நுட்பத்தைப் பொறியாளர்கள் சொல்லட்டும். விதி மாறும்போது யார் செலவு செய்கிறார்கள், யார் பயனடைகிறார்கள் என்பது பொருளியல் கேள்வி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் பாலாற்றங்கரைத் தோல் தொழிலைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், இந்த விவாதம் எனக்கு மிகவும் பழக்கமான ஒன்றாகவே தோன்றுகிறது.

சிலிண்டர்களின் கதை

2005 வரை ஃபார்முலா 1 கார்களில் 3 லிட்டர், பத்து சிலிண்டர் என்ஜின்கள் ஓடின. அந்தக் கடைசி ஆண்டில்தான் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் சார்பில் களமிறங்கி, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2006இல் 2.4 லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின்கள் வந்தன. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் ஓட்டியது அத்தகைய காரை. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை நடந்த மூன்று இந்தியப் பந்தயங்களிலும் அந்த என்ஜின்களே முழங்கின.

2014இல் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ என்ஜினுடன் இரண்டு மின் கருவிகள் இணைக்கப்பட்டன. ஒன்று, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மீட்டது. மற்றொன்று, புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவின் ஆற்றலை மீட்டது. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள் மட்டுமே என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. விளைவு வியப்பானது. எரிபொருளில் உள்ள ஆற்றலில் 50 சதவீதத்துக்கும் மேல் பயனுள்ள வேலையாக மாற்றும் நிலையைத் தனது சோதனைக்கூடத்தில் எட்டியதாக 2017இல் மெர்சிடஸ் அறிவித்தது.

ஆனால், இதற்கொரு விலையும் இருந்தது. என்ஜினின் முழக்கம் குறைந்ததை ரசிகர்கள் ஏற்கவில்லை. 2014இல் நடந்த 19 பந்தயங்களில் 16இல் மெர்சிடஸ் வென்றது. தொடர்ந்து எட்டு ஆண்டுகள் தயாரிப்பாளர் பட்டத்தையும் தக்கவைத்தது. செலவைக் கட்டுப்படுத்துவதற்காக, என்ஜினில் செய்யும் மேம்பாடுகளுக்கு 2016 வரை வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்பே முன்னேறியவரின் இடத்தை உறுதிசெய்து, பின்தங்கியவர் எழுந்து வருவதைக் கடினமாக்கியது. நல்ல நோக்கத்துடன் வந்த விதி எதிர்பாராத விளைவைத் தருவதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2026 விதிகள் உருவாயின. சிக்கலும் செலவும் மிகுந்த, வாயுவிலிருந்து ஆற்றலை மீட்கும் கருவி நீக்கப்பட்டது. மின் மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்ந்தது. எரிபொருள் என்ஜினின் பங்கு ஏறத்தாழ 400 கிலோவாட்டாகக் குறைந்தது. அதாவது, காரின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி மின்சாரம். எரிபொருள் முழுவதும் நீடித்த மூலங்களிலிருந்து பெறப்பட்டதாக இருக்க வேண்டும். என்ஜின் தயாரிப்பாளர் ஆண்டுக்குச் செலவிடும் தொகைக்கு 13 கோடி டாலர் உச்சவரம்பு.

இந்த விதிகளுக்கு 2022 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. அதே மாதத்திலேயே ஆடி நிறுவனம் ஃபார்முலா 1இல் நுழைவதாக அறிவித்தது. 2023இல் ஃபோர்டு, ரெட் புல்லுடன் கைகோத்தது. 2021 முடிவில் விலகியிருந்த ஹோண்டாவும் மீண்டும் வருவதாக அறிவித்தது. ஒரு விதி மாற்றத்துக்கு இவ்வளவு வரவேற்பு கிடைப்பது அரிது.

விதி என்பது ஒரு வாக்குறுதி

புதிய விதிகளைக் குறைகூறுவோரின் வாதங்கள் புறந்தள்ளத் தக்கவை அல்ல. நீண்ட நேர்ப்பாதைகளில் பேட்டரி தீர்ந்துவிடும். ஓட்டுநர் முழு வேகத்தில் செல்வதை விட்டு மின்சாரத்தைச் சேமிப்பதிலேயே கவனம் செலுத்த நேரிடும். பேட்டரியால் எடை கூடும் என்கிறார்கள். நீடித்த எரிபொருள் வந்துவிட்ட பிறகு, எளிய எட்டு சிலிண்டர் என்ஜினையே அந்த எரிபொருளில் ஓட்டலாமே என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், இங்கே நேரத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பொருளியலில் இதைக் கால முரண் என்பர். ஃபின் கிட்லாண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1977இல் விளக்கிய இந்தக் கருத்து, அவர்களுக்கு 2004இல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமான பணிகளுள் ஒன்று. விதியை வகுப்பவர் இன்று ஒன்றை அறிவிக்கிறார். அதை நம்பிப் பிறர் முதலீடு செய்துவிடுகிறார்கள். அதன் பிறகு, அறிவித்ததை மாற்றுவதே விதி வகுப்பவருக்கு இலாபமாகத் தோன்றும். ஒருமுறை மாற்றினால் அந்த நேரத்துக்கு நன்மை கிடைக்கலாம். ஆனால், அடுத்த முறை அவர் சொல்லை நம்பி எவரும் முதலீடு செய்ய மாட்டார்கள்.

பத்து சிலிண்டர் என்ஜின் மீண்டும் வரும் என்று 2025இல் பேசியபோது, மூன்று ஆண்டுகளாகப் பெரும் பொருள் செலவிட்டிருந்த ஆடி போன்ற நிறுவனங்கள் கலங்கியதன் காரணம் இதுவே. அதே வேளையில், பிரான்சின் ரெனோ நிறுவனம், வீரி-ஷாட்டியோனில் உள்ள தனது புகழ்பெற்ற கூடத்தில் ஃபார்முலா 1 என்ஜின் தயாரிப்பை 2025உடன் நிறுத்துவதாக 2024இல் அறிவித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே தலைமுறைகளாகச் சேர்ந்த திறன், விதி மாறியதும் திரும்ப வந்துவிடாது. தொழிலாளரின் திறனைப் பூட்டிவைத்துத் தேவைப்படும்போது திறந்து எடுக்க முடியாது.

பாலாறு சொல்லும் பாடம்

இதே நாடகம் எங்கள் பகுதியில் பலமுறை அரங்கேறியிருக்கிறது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் அளிக்கப்பட்டது. வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பெருகின. ஆம்பூர் காலணிகளுக்கான அடித்தளம் அமைந்தது. ஆனால், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்த இடத்தில் குரோமியம் பரவலானது. அந்தக் கழிவுநீர் எங்கே போகும் என்று ஏற்றுமதி விதியை வகுத்தவர்கள் கணக்கிடவில்லை.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்குமாறு ஆலைகளுக்கு அறிவுறுத்தல்கள் சென்றன, கெடு வைக்கப்பட்டது, கெடு கடந்தது, மீண்டும் கெடு நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு நீட்டிப்பும் யாருக்கு உதவியது என்று நான் வகுப்பறையில் மாணவர்களிடம் கேட்பதுண்டு. அவர்களில் பலர் தோல் தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சட்டத்தை மதித்து முதலில் செலவு செய்தவரின் தோல் விலை உயர்ந்தது; காத்திருந்தவரின் தோல் மலிவாக விற்றது. கெடுவை நீட்டிப்பது கருணை போலத் தெரிந்தாலும், அது நேர்மையாளர் மீது விதிக்கப்பட்ட வரியே.

முடிவில், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை அந்தத் தீர்ப்பு பதிவுசெய்தது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது நிலைநாட்டியது. இருபதாண்டுக் கால மெத்தனத்துக்குப் பிறகு சில மாதக் கெடு. சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகள் மூடப்பட்டபோது முதலில் பாதிக்கப்பட்டவர்கள் தினக்கூலித் தொழிலாளர்கள். கிணறுகளை இழந்த உழவர்களின் துயரமோ இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளுக்கு 1989இல் ஜெர்மனி தடை விதித்தது. பின்னர், புற்றுநோய் ஆபத்துள்ள சில ஆசோ சாயங்களையும் தடைசெய்தது. அதிர்ச்சி பெரிதுதான். ஆனால், அந்த விதி பின்வாங்காது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் தொழில் துறை மாற்றுப் பொருள்களுக்கு மாறியது. பரிசோதனை வசதிகள் பெருகின. கடுமையான விதியைவிட, நம்ப முடியாத விதியே ஒரு தொழிலுக்கு அதிகக் கேடு செய்கிறது.

நான்கு ஆண்டுகளும் மூன்று நாள்களும்

சாலையில் ஓடும் வாகனங்களின் என்ஜின் விதிகளிலும் இந்த இரு வழிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். பி.எஸ்.-3 தர வாகனங்களை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று ஆணையிட்டது. உற்பத்திக்குத்தான் தடை, விற்பனைக்கு இல்லை என்று நிறுவனங்கள் கருதியிருந்தன. அரசின் விதியில் அந்த அளவுக்குத் தெளிவின்மை இருந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள், பெரும்பாலும் இரு சக்கர வாகனங்கள், விற்காமல் தேங்கியிருந்தன. கடைசி இரு நாள்களில் அவற்றைத் தள்ளுபடியில் வாங்க மக்கள் முண்டியடித்தனர். காற்றைக் காக்க வந்த விதி, பழைய என்ஜின்களையே வீடுதோறும் கொண்டுசேர்த்தது.

மாறாக, பி.எஸ்.-5ஐத் தாண்டி நேரடியாக பி.எஸ்.-6 தரத்துக்குச் செல்வதாக 2016 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்து, 2020 ஏப்ரல் என்று நாள் குறித்தது. தொழில் துறை தயங்கினாலும், அரசு அந்த நாளிலிருந்து நகரவில்லை. உலகின் பல நாடுகள் பல ஆண்டுகளில் கடந்த தொலைவை இந்திய வாகனத் தொழில் நான்கே ஆண்டுகளில் கடந்தது.

செய்ய வேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, விதி இலக்கைச் சொல்ல வேண்டும். வழியைத் தொழிலுக்கு விட வேண்டும். இவ்வளவு எரிபொருள், இவ்வளவு மாசு, இவ்வளவு செலவு என்று வரம்பிட்டால் போதும். மின்சாரம் பாதி, எரிபொருள் பாதி என்று வழியையும் சேர்த்து வகுத்ததே 2026 விதிகளின் முக்கியக் குறை. இரண்டாவதாக, விதியின் ஆயுள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, அந்தக் காலம் முழுவதும் காக்கப்பட வேண்டும். இப்போதைய விதிகள் 2030 வரை என்று வகுக்கப்பட்டவை. எட்டு சிலிண்டர் என்ஜின் வேண்டுமென்றால், அது அதன் பிறகு வரட்டும். அந்த முடிவும் போதிய கால இடைவெளியுடன் அறிவிக்கப்படட்டும். மூன்றாவதாக, பின்தங்குவோருக்கான உதவி விதியிலேயே இடம்பெற வேண்டும். செயல்திறனில் பின்தங்கும் நிறுவனங்களுக்குக் கூடுதல் மேம்பாட்டு வாய்ப்பு அளிக்கும் ஏற்பாடு 2026 விதிகளில் உள்ளது. 2014இல் செய்த பிழையிலிருந்து கற்ற பாடம் அது, வரவேற்கத்தக்கது.

கோடிக்கணக்கான டாலர் புழங்கும் பந்தய நிறுவனங்கள் தங்கள் நலனைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். என் கவலை ஆம்பூரைப் பற்றியது. காடழிப்புடன் தொடர்புடைய பொருள்களுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டத்தின் பட்டியலில் மாட்டுத் தோலும் இடம்பெற்றது. தோல் எந்த நிலத்தில் வளர்ந்த மாட்டிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 2024 முடிவில் நடைமுறைக்கு வரவேண்டிய அந்தச் சட்டம் முதலில் ஓராண்டும், பின்னர் மேலும் ஓராண்டும் தள்ளிவைக்கப்பட்டது. இதற்காக இப்போதே செலவு செய்யும் சிறு ஆலை உரிமையாளர் புத்திசாலியா, ஏமாளியா என்பதை பிரஸ்ஸல்ஸ் நகரில் எடுக்கப்படும் முடிவே தீர்மானிக்கும்.

ஆகவே, மத்திய, மாநில அரசுகள் இத்தகைய விதிகள் குறித்து ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேசும்போது, சலுகையையும் கால நீட்டிப்பையும் மட்டும் கேட்பது போதாது. உறுதியான நாள், தெளிவான இலக்கு, சிறு ஆலைகளுக்குச் சான்று பெறும் செலவில் பங்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். முதலில் இணங்கியவர் நட்டப்படாமல் இருப்பதே நல்ல விதிக்கு அடையாளம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)